கத்திரி வெயிலில் மோர் முதல் கேக் வரை: வேலூர் அடுப்படிக்கான பிழை நீக்கும் வழிமுறை

சமையல் குறிப்புகளில் "அறை வெப்பத்தில் வைக்கவும்" என்று ஒரு வரி வரும். அந்த அறையில் ஏறக்குறைய 25 டிகிரி செல்சியஸ் இருக்கும் என்ற நினைப்பில் எழுதிய வரி அது. மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை நீளும் கத்திரியில் வேலூரில் வெளியே 40, 42 என்று போகும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அடுப்படி பகல் முழுக்க 36, 38 டிகிரியில் நிற்கும். இரவு பத்து மணிக்குத் தொட்டாலும் சுவர் சுடும். தயிர் புளிப்பதும், பன் மாவு பொங்கி அமுங்குவதும், பிஸ்கட் தட்டில் பரவி ஓடுவதும் பெரும்பாலும் இந்தப் பத்துப் பன்னிரண்டு டிகிரி வித்தியாசத்தால்தான். கைப்பக்குவம் போய்விட்டதே என்று யாரும் மனம் நொந்துகொள்ள வேண்டாம்.

சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கி அடுப்படியில் மாட்டுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். மீதிக்கு, உங்கள் வீட்டில் தெரிகிற கோளாறைக் கீழே தேடி அந்த இடத்தை மட்டும் படித்தாலும் போதும்.

தயிர் காலையில் கடும் புளிப்பு, மேலே தண்ணீர் நிற்கிறது

உறை அதிகம், அல்லது நேரம் அதிகம், பல வீடுகளில் இரண்டும். தயிரை உறைய வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 40 டிகிரியை ஒட்டிய சூடு மிகவும் பிடிக்கும். கத்திரியில் நம் அடுப்படி அதற்கு அருகில்தான் இருக்கிறது. மார்கழியில் எட்டு மணி நேரம் எடுக்கும் தயிர் இப்போது மூன்று நான்கு மணி நேரத்தில் உறைந்துவிடும். அதற்குப் பிறகு வெளியே இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் புளிப்பாக மாறும். புளிப்பு ஏற ஏறத் தயிர் இறுகித் தண்ணீரை வெளியே தள்ளும்.

இரவு பத்து மணிக்கு உறை ஊற்றி ஆறு மணிக்கு எழுகிற பழக்கத்தை இந்த மாதத்துக்கு மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மாலை ஆறு, ஆறரைக்கு உறை ஊற்றினால் படுக்கப் போவதற்கு முன் உறைந்திருக்கும், அப்படியே பிரிட்ஜுக்குள் வைத்துவிடலாம். ஒரு லிட்டர் பாலுக்கு அரைத் தேக்கரண்டி உறை தாராளம். பாலை விரல் வைத்தால் சுடாத அளவுக்கு ஆற விடுங்கள்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்சட்டியில் உறை ஊற்றி, சட்டியைச் சுற்றி ஈரத் துணி கட்டி, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் காற்று வரும் இடத்தில் வையுங்கள். கடலோர ஊர்களைவிட இங்கே இது நன்றாக வேலை செய்யும். நம் வெயில் வறண்ட வெயில், அதனால் துணி சீக்கிரம் காயும்; காயும்போது சட்டியின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். துணி காய்ந்துவிட்டால் பயன் இல்லை, மறுபடி நனைக்க வேண்டும்.

புளித்த தயிரைக் கொட்டாதீர்கள். மேலே நிற்கும் தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசையலாம், மீதியை மோர்க்குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

தயிர் இழை இழையாக இழுக்கிறது

உறையோடு வேறு வகை நுண்ணுயிர் கலந்திருக்கிறது. அது ஒருவிதக் கொழகொழப்பை உண்டாக்கும். வாடை சரியாக இருந்தால் அன்றைக்குச் சமையலில் சேர்த்துவிடலாம், ஆனால் அதிலிருந்து மறுநாளைக்கு உறை எடுக்கக் கூடாது. பாத்திரத்தையும் கரண்டியையும் கொதிக்கும் நீரில் கழுவி, வேறு வீட்டிலிருந்து புது உறை வாங்கித் தொடங்குங்கள். இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ புள்ளி தெரிந்தால், பூஞ்சை தெரிந்தால் மொத்தமும் குப்பைக்கு. மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடும் வேலை வேண்டாம்.

நீர்மோர் கசக்கிறது, அல்லது உலோகச் சுவை அடிக்கிறது

கசந்தால் மிக்சியைச் சந்தேகப்படுங்கள். கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் நெடுநேரம் அரைபட்டால் கசப்பு இறங்கும். இஞ்சி, பச்சை மிளகாயை மட்டும் தட்டிப் போட்டு, தழையைக் கிள்ளிப் போட்டால் போதும். உலோகச் சுவை என்றால் பாத்திரம்தான் காரணம். ஈயம் பூசாத பித்தளையிலோ செம்பிலோ புளித்த மோர் நின்றால் களிம்பு ஏறும். அதைக் குடிக்கக் கூடாது. எவர்சில்வர் அல்லது மண்பானைதான் மோருக்குச் சரி.

கேவுரு கூழ் மறுநாள் நாறுகிறது

கூழில் இரண்டு வகைப் புளிப்பு உண்டு. வாசம் பிடித்தால் வாயில் எச்சில் ஊற வைப்பது ஒன்று, முகத்தைத் திருப்ப வைப்பது இன்னொன்று. இரண்டாவது வந்தால் வெங்காயம், மோர் மிளகாய் எதைச் சேர்த்தும் காப்பாற்ற முடியாது.

முறைப்படி கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யை வேக விட்டு, அதில் மாவுக் கரைசலை ஊற்றிக் கிண்டி இறக்கி, ஓர் இரவு வைத்து மறுநாள் மோரில் கரைப்போம். மாவு முன்கூட்டியே புளிப்பதில் ஓர் அர்த்தம் இருக்கிறது: அந்தப் புளிப்புதான் கூழைக் கெடுக்கும் கிருமிகளைத் தள்ளி நிறுத்துகிறது. அவசரத்துக்குப் புளிக்காத மாவில் கிண்டி இரவு முழுக்க வெளியே வைத்தால், வெந்த நொய்யில் கிருமிகளுக்கு விருந்துதான். எனவே கத்திரியில் மாவைப் புளிக்க வைப்பதை விட்டுவிடக் கூடாது, நேரத்தைத்தான் குறைக்க வேண்டும். மற்ற மாதங்களில் ஒரு ராத்திரி முழுக்க என்றால் இப்போது காலையில் கரைத்தது மாலைக்குள் தயார். மேலே சிறு குமிழி வந்து, லேசான புளிப்பு வாசம் எழுந்தால் அடுப்பில் ஏற்றிவிடலாம்.

அடுத்தது ஆற வைப்பது. வீட்டுச் சட்டியில் இது சிக்கல் இல்லை. திருவிழாவுக்கு, பந்தலுக்கு என்று பெரிய தவலையில் கிண்டும்போதுதான் கூழ் கெடுகிறது. தவலையின் ஓரம் ஆறிவிடும், நடுவே பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கெடுவது அங்கேதான் ஆரம்பிக்கும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள் வருகிறது, கத்திரிக்கு நட்டநடுவே. அந்த மாதிரி நாட்களுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள், கிண்டி இறக்கியதும் நாலைந்து அகலப் பாத்திரங்களில் பிரித்து வைத்து ஆற விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெயிலில் நடந்து வருகிறவர் நம்பி வாங்கிக் குடிக்கிறார்.

கட்டி தட்டினால் மாவைச் சுடுநீரில் கொட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். வெந்ததா என்று பார்க்க, கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொடுங்கள். ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். வேகாத கூழ் வயிற்றைப் பிசையும், சீக்கிரமும் கெடும்.

நன்னாரி சர்பத் பாட்டிலில் நுரைக்கிறது

பாகு நீர்த்துப் போயிருக்கிறது. சர்க்கரைக்கு ஒரு கணக்கு உண்டு: எடையில் தண்ணீர் ஒரு பங்கு என்றால் சர்க்கரை இரண்டு பங்கு. இந்த அடர்த்தியில் ஈஸ்டுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது, அதனால் பாகு நாள்பட நிற்கும். "இவ்வளவு சர்க்கரையா" என்று பயந்து பாதியாகக் குறைத்தால், கத்திரியில் சில நாட்களிலேயே நுரை கட்டும். இனிப்பு குறைவாக வேண்டுமென்றால் தம்ளரில் ஊற்றும் பாகைக் குறையுங்கள், பாட்டிலில் இருப்பதைக் குறைக்காதீர்கள். குறைந்த சர்க்கரையில்தான் செய்வேன் என்றால் பிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

நுரைத்த பாட்டிலை மூடி இறுக்கி வைக்காதீர்கள். உள்ளே காற்று சேர்ந்து கண்ணாடி வெடிக்கக்கூடும். வெளியே எடுத்துப் போய் மெதுவாகத் திறந்து கொட்டிவிடுங்கள்.

நன்னாரியில் மணமே இல்லை

வேரைக் கொதிக்க விட்டிருப்பீர்கள். நன்னாரியின் மணம் ஆவியோடு போய்விடக்கூடியது. வீடு முழுக்க மணத்தது என்றால் பாட்டிலுக்குள் குறைந்தது என்று அர்த்தம். வேரைக் கழுவித் தட்டி, நடுவில் இருக்கும் கட்டை நரம்பை எடுத்துப் போட்டுவிட்டுத் தோல் பகுதியை மட்டும் எடுங்கள். மணம் அதில்தான். நூறு கிராம் வேருக்கு ஒரு லிட்டர் நன்றாகச் சுட்ட தண்ணீர் ஊற்றி மூடுங்கள். ஆறியதும் பிரிட்ஜில் ஓர் இரவு. மறுநாள் வடிகட்டி, அந்த நீரில் இரண்டு கிலோ சர்க்கரையை இளஞ்சூட்டில் கரைத்து, கொதி தொடங்கும்போதே இறக்கிவிடுங்கள். நாட்டு மருந்துக்கடையில் வாங்கும்போது வேரை ஒடித்து முகர்ந்து பாருங்கள். ஒடித்தும் மணக்காத பழைய வேரில் எந்தப் பக்குவமும் பலிக்காது.

பாட்டில் அடியில் கற்கண்டு மாதிரி படிந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திக் கரைய விட்டு, ஓர் எலுமிச்சையின் சாற்றைச் சேருங்கள். புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியை உடைத்துவிடும், அப்புறம் படியாது.

எலுமிச்சை ஜூஸ் பத்து நிமிடத்தில் கசக்கிறது

தோலை நசுக்கிப் பிழிந்ததும், விதை உள்ளேயே ஊறியதும்தான் காரணம். முக்கால்வாசி சாறு வந்ததும் நிறுத்துங்கள், உடனே வடிகட்டுங்கள். ஒரு சிட்டிகை உப்பு லேசான கசப்பை மறைக்கும். போர் தண்ணீரில் கலக்கினால் புளிப்பு மங்கித் தெரிவதும் உண்டு, அந்தத் தண்ணீரின் காரத்தன்மை எலுமிச்சையின் புளிப்பைக் கொஞ்சம் தின்றுவிடும். குடிநீரில் கலக்குங்கள். சர்க்கரை கரைந்த பிறகே ஐஸ்.

கிர்ணி ஜூஸ் பால் சேர்த்ததும் கசக்கிறது

பழம் கசப்பில்லை, பாலும் நல்ல பால்தான், பின் ஏன்? கிர்ணிப் பழத்தில் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அது பாலின் புரதத்தைத் துண்டாக்கும்போது கசப்பு பிறக்கிறது. பப்பாளி, அன்னாசியிலும் இதே கதை. சூட்டில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். எனவே பால் சேர்த்தால் அந்த நிமிடமே குடித்துவிட வேண்டும், பிள்ளைகள் பள்ளி விட்டு வரட்டும் என்று எடுத்து வைக்கக் கூடாது. எடுத்து வைக்க வேண்டுமென்றால் பாலை விட்டுவிட்டு, மசித்த பழத்தில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வையுங்கள். என்னைக் கேட்டால் கிர்ணிக்கு அதுதான் பொருத்தமான பக்குவம்.

சப்ஜா கட்டியாகிறது, பாதாம் பிசின் புளிக்கிறது

சப்ஜா விதைக்குத் தண்ணீர் போதவில்லை. ஒரு தேக்கரண்டிக்கு ஒரு தம்ளர் ஊற்றி, போட்ட உடனே கிளறுங்கள், கால் மணி நேரத்தில் ஊறிவிடும். பாதாம் பிசின் ஊற எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை இந்தச் சூட்டில் வெளியே ஊற வைத்தால் புளிக்கத்தான் செய்யும். பிரிட்ஜுக்குள் ஊற வையுங்கள்.

நுங்கு துவர்க்கிறது, பதநீர் நுரைக்கிறது

நுங்கின் மேல்தோல் ஒட்டியிருந்தால் துவர்க்கும். முழுக்க உரித்து, கையால் மசியுங்கள், மிக்சி வேண்டாம். கடுக்காய் மாதிரி இறுகிய முற்றல் நுங்கு வயிற்று வலி தரும், அதை ஒதுக்குங்கள். பதநீர் விடியற்காலைச் சரக்கு. கலயத்தின் உள்ளே தடவும் சுண்ணாம்பு அதைக் கள்ளாகாமல் கொஞ்ச நேரம்தான் தடுக்கும். வெயில் ஏறிய பிறகு வாங்கியது நுரைத்துச் சுருக்கென்று இருந்தால் அது கள்ளாக மாறத் தொடங்கிவிட்டது, பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

ஜூஸ் நன்றாக இருந்தது, வயிறுதான் போகிறது

ஐஸைப் பாருங்கள். பெரிய பாளமாக வாங்கி உடைத்தது என்றால் அது குடிப்பதற்காகச் செய்த ஐஸாக இல்லாமல் இருக்கலாம், மீன் பெட்டிக்குப் போகும் ஐஸ் பாளமும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். கொதித்து ஆறிய தண்ணீரில் வீட்டிலேயே ஐஸ் வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி கூட்டம் வந்தால், ஜூஸ் பாத்திரத்தை ஐஸ் பாளத்தின் மேல் உட்கார வைத்துக் குளிர வையுங்கள், உள்ளே போடாதீர்கள்.

சரி, இனி அடுப்புப் பக்கம் வருவோம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் கேக் கேட்காத வீடு உண்டா?

பன் மாவு வேகமாகப் பொங்குகிறது, அடுப்பில் அமுங்குகிறது, புளித்த வாடை

ஈஸ்ட் மாவு 24 முதல் 27 டிகிரிக்குள் நிதானமாகப் பொங்கினால்தான் பன் மெத்தென்று வரும், மணமும் சேரும். நம் அடுப்படியில் "ஒரு மணி நேரம் வைக்கவும்" என்ற வரியை நம்பினால், அரை மணியிலேயே பொங்கித் தீர்ந்து, மீதி அரை மணியில் ஓய்ந்து போயிருக்கும். அடுப்புக்குள் போனதும் தாங்கிப் பிடிக்க அதில் தெம்பு இருக்காது.

இதற்கு பேக்கரிக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மாவு 26 டிகிரியில் வேண்டுமென்றால் 26ஐ மூன்றால் பெருக்குங்கள், 78 வரும். அதிலிருந்து அறையின் சூட்டையும், மைதாவின் சூட்டையும், பிசையும்போது ஏறும் சூட்டையும் கழித்தால் கிடைப்பது ஊற்ற வேண்டிய தண்ணீரின் சூடு. அறை 36, டப்பாவில் இருக்கும் மைதா 34, கையால் பிசைவதற்கு 3 என்று வைத்தால் மிச்சம் 5 டிகிரி. அதாவது பிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த தண்ணீர். "வெதுவெதுப்பான நீரில் ஈஸ்டைக் கரைக்கவும்" என்று குறிப்பில் எழுதியிருந்தால், கால் தம்ளர் மட்டும் வெதுவெதுப்பாக எடுத்து ஈஸ்டைக் கரைத்து, மீதியை ஐஸ் தண்ணீராக ஊற்றுங்கள். மிக்சர் மெஷினில் பிசைந்தால் சூடு இன்னும் ஏறும், மைதாவையே முன்னதாகப் பிரிட்ஜில் வைத்துவிடலாம்.

ஈஸ்டையும் குறிப்பில் சொன்னதில் பாதியாக்குங்கள். கடிகாரத்தை விட்டுவிட்டு விரலை நம்புங்கள்: மாவு தடவிய விரலால் அழுத்தினால் குழி மெதுவாகப் பாதி மீண்டு வந்தால் அடுப்பில் வைக்கலாம். சட்டென்று மீண்டால் இன்னும் நேரம் வேண்டும். மீளவே இல்லை என்றால் மிஞ்சிவிட்டது. அப்படி ஆனாலும் வீணில்லை. அழுத்திக் காற்றை வெளியேற்றி, மறுபடி உருட்டி, கொஞ்ச நேரம் மட்டும் பொங்க விட்டுச் சுடுங்கள். புளிப்பு வாடை தூக்கலாக இருந்தால் தட்டையாகத் தட்டி தோசைக்கல்லில் பூண்டும் கொத்தமல்லியும் தூவிச் சுட்டுவிடுங்கள்.

இன்னும் சுலபமான வழி, இரவில் பிசைந்து பிரிட்ஜில் வைத்து, காலை ஐந்து மணிக்கு எடுத்து உருட்டிச் சுடுவது. அந்த நேரத்தில்தான் வேலூர் கொஞ்சம் மூச்சு விடுகிறது.

நான்கட்டாய் தட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டுகிறது

நெய்யும் வெண்ணெயும் அடுப்புக்குப் போகும் முன்பே உருகிவிட்டன. வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டும்போதே தளர்ந்து ஓடத் தொடங்கும், நம் அறையே அதைவிடச் சூடு. உருட்டி வைத்த தட்டை அப்படியே அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்து, நேரே அடுப்புக்கு மாற்றுங்கள். முதல் ஈடு நன்றாக வந்து இரண்டாவது ஈடு மட்டும் பரவினால், சூட்டோடு சூடாக அதே தட்டில் அடுக்கியிருக்கிறீர்கள். தட்டின் அடியில் தண்ணீர் விட்டு ஆற வைத்துத் துடைத்துவிட்டு அடுக்குங்கள்.

கேக் எண்ணெய் பிசுக்காக, கனமாக இருக்கிறது

வெண்ணெயும் சர்க்கரையும் நுரைக்க அடிப்பது வெண்ணெய்க்குள் காற்றைப் பிடித்து வைக்கத்தான். அதற்கு வெண்ணெய் 18, 20 டிகிரியில் வளைந்து கொடுக்கும் பதத்தில் இருக்க வேண்டும். உருகிய வெண்ணெய் காற்றைப் பிடிக்காது. துண்டு போட்டு ஐந்து நிமிடம் மட்டும் வெளியே வைத்து, ஐஸ் தண்ணீர் மேல் வைத்த பாத்திரத்தில் அடியுங்கள். அலுப்பாக இருந்தால் கத்திரி முடியும்வரை எண்ணெய் ஊற்றிச் செய்யும் கேக்குக்கு மாறிவிடுங்கள், அதற்கு இந்தத் தொல்லையே இல்லை. பேக்கிங் பவுடர் கலந்த மாவைக் காத்திருக்க வைக்காதீர்கள், அடுப்பை முதலில் சூடாக்கிவிட்டு அப்புறம் கலக்குங்கள். பவுடர் பழையதா என்ற சந்தேகம் வந்தால் ஒரு தேக்கரண்டியைச் சுடுநீரில் போடுங்கள், பொங்கவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள்.

முட்டையைக் கடையில் வெயில் படும் இடத்திலிருந்து வாங்க வேண்டாம். தண்ணீரில் மிதந்தால் உடைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

மாலையில் சுட்ட கேக் வெளிறி, நடுவே வேகாமல் இருக்கிறது

குறிப்பு சரி, அடுப்பும் சரி, மின்சாரம்தான் போதவில்லை. மாலை ஏழு மணிக்குத் தெரு முழுக்க ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். 230க்குப் பதில் 190 வோல்ட் வந்தால் 1500 வாட் ஓவன் ஏறக்குறைய 1020 வாட் சூடுதான் தரும். வோல்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஓவனின் சிவப்பு விளக்கு அணையும்வரை மாவை வைக்காதீர்கள், பத்து நிமிடம் என்று குறிப்பில் இருந்தாலும் இருபது நிமிடம் ஆகலாம். கதவை இடையில் திறந்தால் போன சூடு லேசில் திரும்ப ஏறாது. விடியற்காலையில் சுட்டால் இந்தக் கவலை இல்லை.

பாதியில் கரண்ட் போய்விட்டது

கதவைத் திறக்காதீர்கள். முக்கால் பங்கு வெந்திருந்தால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே பதினைந்து நிமிடத்தில் மீதியும் வெந்துவிடும். மாவு இன்னும் தளதளவென்று ஆடும் நிலை என்றால் காத்திருப்பதில் பயனில்லை. குக்கரில் கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு, அடியில் ஓர் அங்குலம் உப்புப் பரப்பி, ஸ்டாண்டு வைத்துப் பத்து நிமிடம் சூடாக்கி, கேக் தட்டை அதற்கு மாற்றிச் சிறு தீயில் விடுங்கள். கொஞ்சம் அமுங்கும், ஆனால் சாப்பிட நன்றாகவே இருக்கும்.

கிரீம் அடிக்க அடிக்கத் திரிகிறது, பூசினால் வழிகிறது

கிரீம் 5, 7 டிகிரியைத் தாண்டினால் நிற்காது. பாத்திரத்தையும் பீட்டரையும் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, சிறிது சிறிதாக அடியுங்கள். உறைந்த கிரீமை வெளியே வைத்து இளக்கக் கூடாது, முந்தின இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட வேண்டும். கேக் முழுக்க ஆறாமல் பூசினாலும் வழியும். வேலூரிலிருந்து ஆற்காட்டுக்கோ ஆம்பூருக்கோ பிறந்தநாள் கேக்கை பஸ்ஸில் எடுத்துப் போக வேண்டியிருந்தால் கிரீம் வேண்டாம் என்றே சொல்வேன். சாக்லேட் இரண்டரைப் பங்கும் கிரீம் ஒரு பங்கும் சேர்த்துக் காய்ச்சிய பூச்சு ஓரளவு தாங்கும், பெட்டிக்கு அடியில் துணியில் சுற்றிய ஐஸ் பை வைத்து, காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.